பதினான்கு நாட்களுக்குள்

— சரியா ஞாபகம் இல்ல மினே. கறுப்பு ஜாக்கெட்டா, கருநீலமா? போலீஸ்ல கருநீலம்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அவங்க எழுதினதுக்கப்புறம் எனக்கும் கருநீலமாவே ஆயிடுச்சு. ஆனா சில நாள் காலைல முழிப்பு வரும்போது உங்கப்பா கறுப்புல நிக்கிறார். அந்த நாளைப் பத்தி நான் சொல்றது எதையும் முழுசா நம்பாத.

— நான் ஜாக்கெட்டக் கேக்கலம்மா. இந்த பிப்ரவரில மலைக்குப் போகவேண்டாம்னு சொன்னேன். நீ ஜாக்கெட்டுக்குப் போயிட்ட.

— கேளு மொதல்ல. பத்தாம் தேதி காலைல கெளம்பறோம். இங்க குமகாயாவுல ஏறினா நாகானோ வரைக்கும் ரயில், அங்கேருந்து பஸ். மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குப் போயிடலாம். பதினொண்ணு விடுமுறை. பன்னண்டாம் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன், பாரு.

— காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதியிருக்க.

— டிசம்பர் தாள். இனிமே அது எதுக்கு? முதல் நாள் மதியம் சோத்தாவுக்குப் பனிச்சறுக்கு வகுப்பு. ஆறு வயசாச்சு, இன்னும் பலகை மேல நிக்கத் தெரியல. மலைக்காரன் பேரன்னு சொன்னா சிரிப்பாங்க.

— அவன் நிப்பான், விடு.

— உன் வீட்டுக்காரர் மாதிரி நிக்காம இருந்தா சரி. மலை ஏத்தற லிஃப்ட்லேருந்து எறங்கத் தெரியாம நாற்காலியோடவே திரும்பிக் கீழ வந்தாரே. ரெண்டு தடவ. மேல இருக்கறவங்க கையாட்டினதும் இவரும் பதிலுக்குக் கையாட்டினார்.

— அவங்க எறங்குங்கன்னு கையாட்டினாங்க.

— அதான் சொல்றேன். அதனால கஸுமாவுக்குச் சறுக்கு வேண்டாம். கொழந்தைங்க மேட்டுல நின்னு போட்டோ எடுக்கட்டும். ரெண்டாம் நாள் நீயும் நானும் பனிச்செருப்பு மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள போறோம். எனக்கு என்னுதே இருக்கு. உனக்கு விடுதிக்கார ஃபுமியே குடுப்பா. சோத்து உருண்டை நான் பிடிச்சு எடுத்துக்கறேன், உப்புப் பழம் வெச்சு. சுடுதண்ணி ரெண்டு குடுவை.

— அம்மா, இங்க பாரு. இஸுவுக்குப் போலாம். கடல் இருக்கு, வெந்நீர் ஊத்து இருக்கு. உன் முட்டிக்கும் நல்லது. நெஜமாவே நல்லாருக்கும். சோத்தா மணல்ல வெளையாடுவான்.

— குளிர்காலத்துல மலைக்குப் போறது நம்ம குடும்பத்து வழக்கம்.

— அப்பாவோட வழக்கம். நம்ம பின்னால போனோம். அவ்வளவுதான்.

— அது கெடக்கட்டும். ஃபுமியேவுக்கு ஃபோன் பண்ணணும். அஞ்சு மணிக்கு மேல சமையல்ல இருப்பா, எடுக்கமாட்டா. அந்த ஃபோனை எடு.

— இப்ப வேண்டாம்.

— ஏன்?

— இப்ப வேண்டாம்மா. முதல்ல நம்ம பேசி முடிப்போம். காலை கொதாட்சு மேசைப் போர்வைச் சூட்டுக்குள்ள விடு. வெளில கெடந்து வெறச்சிருக்கு, பாரு.

— எனக்குக் குளிரல.

— அதத்தான் சொல்றேன். உனக்குக் குளிரே தெரியமாட்டேங்குது. போன வருஷம் கயிறத் தாண்டிப் போயிருக்க. ‘இதுக்கு மேல பனி சரியும், போகாதே’ன்னு கட்டியிருக்கிற கயிறு. நான் சோத்தா பக்கத்துல தூங்கிட்டிருந்தேன். ஃபுமியே அத்தைதான் வந்து கண்டுபிடிச்சாங்க. ஊருக்குத் திரும்பினப்புறம் எனக்கு ஃபோன் பண்ணாங்க. உன்கிட்ட சொல்லவேண்டாம்னுதான் சொன்னாங்க.

— மூச்சு வாங்குச்சு. உக்காந்தேன். உக்காரக் கூடாதா?

— கையுறைய ரெண்டையும் கழட்டி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பக்கத்துல வெச்சிருந்தியாம். ஒழுங்கா மடிச்சு வெச்சிருந்தியாம். அத அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க.

— கழட்டினா எங்கயாவது வெக்கத்தானே வேணும். தூக்கியா போடுவாங்க?

— அம்மா.

— ஆரஞ்சு உரிச்சுத் தரவா? இந்தத் தடவ இனிப்பா இருக்கு.

— வேண்டாம்.

— கேளு மொதல்ல. நான் போகலன்னா பதினொண்ணாம் தேதி ஃபுமியே தனியா மேல போகணும். அன்னைக்கு அவ தனியாப் போகக் கூடாது.

— தெரியும்.

— என்ன தெரியும்? அவ புருஷன் சதாவோ நம்ம வீட்டு ஆளத் தேடப் போய்ச் செத்தான். ஏழாம் தேதி மதியம், ஒரு மணி நேரம் நடந்துட்டு வரேன்னு உங்கப்பா பனிச்செருப்பு மாட்டிக்கிட்டுப் போனார். நம்ம எல்லாரும் விடுதில குழம்பச் சுட வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். மூணு தடவ சுட வெச்சேன். அப்புறம் காத்து எழும்பிடுச்சு. மறுநாளே கிராமத்து ஆளுங்க முப்பது பேரு, ஆளுக்கு ஒரு கம்பியோட, பனியக் குத்திக் குத்திப் பாத்தாங்க. விடுதிக்காரன்கிறதுக்காகப் போகல சதாவோ. கிராமத்துத் தேடுதல் குழுவுக்கு அவன்தான் தலைவன். பதினொண்ணாம் தேதி காலைல அவங்க தேடிட்டிருந்த பள்ளத்துல பனி சரிஞ்சுது. நாப்பது நிமிஷம் கழிச்சு அவனை வெளிய எடுத்தாங்க. வாய்க்குள்ளயெல்லாம் பனி. ஃபுமியே விரல விட்டு எடுத்தா. நான் பக்கத்துல நின்னேன். எல்லாம் மறந்தாலும் அது மறக்காது.

— நானும்தான் நின்னேன்.

— அப்புறம் எப்படி இஸுன்னு சொல்ற?

— சொல்றேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடு. வர்ற பிப்ரவரியோட ஏழு வருஷம் முடியுது. குடும்ப நீதிமன்றத்துல மனு குடுத்தா, காணாமப் போனவரை இறந்துட்டதா அறிவிப்பாங்க. அப்புறம் முறையா ஒரு சடங்கு செய்யலாம், கல்லறைல பேரப் பொறிக்கலாம். அதோட இது முடிஞ்சுடும், நீ மலைக்குப் போறத நிறுத்திடுவன்னு நெனச்சேன். உன்கிட்ட கேட்டா ஒத்துக்கமாட்ட. அதான் கேக்காமலே ஆரம்பிச்சேன்.

— என்ன ஆரம்பிச்ச?

— மனுவோட வெக்க காகிதம் வேணும்ல. குடும்பப் பதிவேட்டு நகல். அதோட சேர்ந்து வர்ற முகவரிப் பட்டியல். மகள்தானே, கேட்டா குடுத்துடுவாங்க. மூணு வாரத்துக்கு முன்னால நகராட்சிக்குப் போய் வாங்கினேன்.

— மூணு வாரமா வெச்சிருக்கியா?

— ஆமா.

— அதான் ரெண்டு ஞாயித்துக்கெழமை நீ வரல. சோத்தாவுக்குக் காய்ச்சல்னு சொன்ன.

— காய்ச்சல் இல்ல. அம்மா, காலை உள்ள விடு. கையக் குடு. நான் இப்ப ஒண்ணு சொல்வேன். அந்தப் பட்டியல்ல அப்பா பேருக்கு நேரா இந்த வீட்டு முகவரிக்குக் கீழ இன்னொரு முகவரி இருக்கு. நான் முதல்ல யாரோ தப்பா ஏத்திட்டாங்கன்னு நெனச்சேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட ரெண்டு தடவ கேட்டேன். தப்பு இல்லயாம். அப்பா அந்தப் பள்ளத்துல இல்ல. அந்த ஊரு—

— குஷிரோ. கைய விடு, வலிக்குது.

— உனக்கு எப்படி…

— குஷிரோ. துறைமுகத்துக்குப் பின்னால, மீன் பதப்படுத்தற கொட்டாய்ங்க இருக்கிற தெரு. மாடில ஒத்த அறை. படிக்கட்டுல துருப் பிடிச்சிருக்கும், பாத்து ஏறணும்.

— எப்பத்திலேருந்து தெரியும்?

— முதல் வருஷம். மார்ச் மாசம். தபால்ல எனக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை புதுசா வந்துது. நான் கேக்கவே இல்ல, வந்துது. குடும்பத் தலைவர்னு போட்டிருக்கிற எடத்துல என் பேரு. அதுவரைக்கும் உங்கப்பா பேருதான் இருக்கும். ஓ, அவங்களே செத்ததா முடிவு பண்ணிட்டாங்களான்னு கோவம் வந்துது. சண்டை போடறதுக்குத்தான் நகராட்சிக்குப் போனேன். அங்க இருந்த ஆளு திரையப் பாத்துட்டு மெதுவாச் சொன்னான், உங்க வீட்டுக்காரர் இடம் மாறிப் பதிஞ்சிருக்காரே, உங்களுக்குத் தெரியாதான்னு. தெரியும்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பின்னால ஆறு பேர் நிக்கிறாங்க.

— அவரே பதிஞ்சாரா?

— அவரேதான். வீடு மாறினா பதினாலு நாளுக்குள்ள பதியணும்னு இருக்குல்ல. இங்கேருந்து போறதா ஒரு படிவம் தபால்ல அனுப்பியிருக்கார். பதில் தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்டின உறையும் உள்ள வெச்சிருக்கார். அங்க போய் இன்னொரு படிவம். பன்னண்டாவது நாள் குடுத்திருக்கார். நூலகத்துப் புத்தகத்தத் தவணைக்கு ரெண்டு நாள் முன்னாடியே திருப்பிக் குடுக்கிற மனுஷன். கண்ணாடிக் குப்பை போடற நாள்ல தகர டப்பா போட்டா எதிர் வீட்டுக்காரனோட பேச்ச நிறுத்திடுவார். பொண்டாட்டியையும் பொண்ணையும் பனில விட்டுட்டு ஓடினாலும் முகவரிய மாத்தாம அவருக்குத் தூக்கம் வராது.

— அந்தக் காகிதத்துல தேதி இருக்கும்மா.

— இருக்கு.

— அங்க குடியேறின நாள், பிப்ரவரி ஒன்பது.

— ஒன்பது. சதாவோ பதினொண்ணு. ரெண்டு நாள் வித்தியாசம். எத்தன தடவ கழிச்சுப் பாத்தாலும் ரெண்டுதான் வருது.

— அப்பாவுக்குத் தெரியுமா? சதாவோ மாமா விஷயம்?

— பேப்பர்ல வந்துது. உங்கப்பா பேப்பர் படிக்காம டீ குடிக்கமாட்டார்.

— அதுக்கப்புறமும் படிவத்தக் குடுத்திருக்கார்.

— அதுக்கப்புறமும். அழாத. அழறதுக்கு ஒண்ணும் இல்ல இதுல. எனக்கே வரல.

— நீ போய்ப் பாத்தியா?

— ரெண்டாவது கோடையில. பள்ளிக்கூடத் தோழிங்களோட ஹொக்கைடோ சுத்தப் போறேன்னு உன்கிட்ட சொன்னேனே. தோழிங்க யாரும் இல்ல. நான்தான்.

— எனக்கு லாவண்டர் சோப்பு வாங்கிட்டு வந்த.

— விமான நிலையத்துல வாங்கினேன். எதாவது வாங்கணும்ல.

— பேசினியா? என்ன சொன்னார்?

— கொட்டாய் வாசல்ல குந்திக்கிட்டு மீன் பெட்டி கழுவிட்டிருந்தார். ரப்பர் பூட்ஸு. எளச்சுப் போயிருந்தார். நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்னேன். நிமிந்தார், பாத்தார். எழுந்து நின்னார். கடைக்கு வந்தவங்களுக்குக் குனிவோமே, அந்த மாதிரி குனிஞ்சார். நானும் குனிஞ்சேன். திரும்ப உக்காந்து அடுத்த பெட்டிய எடுத்துக்கிட்டார். அவ்வளவுதான் நாங்க பேசினது.

— அவ்வளவுதானா? ஏன்னு கேக்கலயா நீ? கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கணும்.

— பொம்பள யாராவது இருப்பாளோன்னு நெனச்சுத்தான் போனேன். இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். சாயங்காலம் வரைக்கும் தெரு முனைல நின்னு பாத்தேன். யாரும் வரல. ஒத்த ஆளுக்குச் சோறு வாங்கிட்டு மேல போனார், வெளக்குப் போட்டார், அணைச்சார். நம்ம மேல கோவமும் இல்ல, வேற ஆசையும் இல்ல. நம்மளோட இருக்கறத விட அது போதும்னு தோணியிருக்கு. அதுக்கு மேல அதுல கேக்க என்ன இருக்கு?

— அப்போ எதுக்கும்மா? எதுக்கு ஒவ்வொரு வருஷமும் எங்களை இழுத்துக்கிட்டு அந்த மலைக்குப் போன? இல்லாத ஆளத் தேடி? நான் பனியப் பாக்கும்போதெல்லாம் அப்பா உள்ள இருக்கார்னு நெனச்சேன். சோத்தா பனி மனுஷன் செஞ்சா நான் திரும்பி நின்னுக்குவேன். ஏழு வருஷம் நீ என்னை அப்படி விட்டிருக்க.

— நான் தேடப் போகல.

— பின்ன?

— ஃபுமியேவுக்காகப் போறேன். பதினொண்ணாம் தேதி கயிறு வரைக்கும் ரெண்டு பேரும் நடப்போம். சதாவோவுக்கு ஊதுவத்தி கொளுத்துவா. உங்கப்பாவுக்கும் ஒண்ணு கொளுத்துவா. ‘இந்த வருஷம் பனி சீக்கிரம் உருகினா உங்க வீட்டுக்காரர் கெடைச்சுடுவார்க்கா. அப்பத்தான் இவர் ஆரம்பிச்ச வேலை முடியும்’னு சொல்வா. ஒவ்வொரு வருஷமும் அதே சொல்லு. நான் ஆமாம்னு சொல்வேன். அவ புருஷன் ஒரு மனுஷனைக் காப்பாத்தப் போய்ச் செத்தான்கிறது ஒண்ணுதான் அவகிட்ட மிச்சம். செத்த அன்னைக்கு அந்த மனுஷன் குஷிரோல வாடகை அறைல உக்காந்திருந்தான்னு நான் எந்த வாயால சொல்றது?

— அதுக்காகப் பொய்யோட…

— கேளு மொதல்ல. இன்னும் இருக்கு. அவ பையன் ர்யோஹெய் அந்தக் குழுவுல சேந்துட்டான். அப்பன் கம்பியையே எடுத்துக்கிட்டான். மே மாசம் பனி எளகும்போது லீவு போட்டுட்டு அந்தப் பள்ளத்துல எறங்கறானாம். நாலு வருஷமா. ‘அப்பாவோட பாக்கிய நான் முடிக்கறேன்’னு சொல்றானாம். எளகின பனிதான் மோசம். அது உனக்குத் தெரியும்.

— அப்போ நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும். அந்தப் பையனுக்கும் ஏதாவது ஆகியிருந்தா?

— சொல்லணும்னுதான் போன வருஷம் போனேன். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுல ஃபுமியே எனக்கு மீன் முள்ள எடுத்துக் குடுத்தா. வாய் வரல. மறுநாள் சாயங்காலம் தனியாக் கயிறத் தாண்டினேன்.

— எதுக்கு?

— நம்ம குடும்பத்து உடம்பு ஒண்ணு அங்க கெடைச்சாப் போதும்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பையன் தேடமாட்டான். அவகிட்ட சொல்லவும் வேண்டியதில்ல. எல்லாம் ஒரு மாதிரி சரியாயிடும்.

— …

— மினே. கையுறையப் பத்திக் கேட்டியே, அதுக்குப் பதில் சொன்னேன். இந்த வருஷம் அப்படிச் செய்யமாட்டேன். ஃபுமியே தேடி வந்து என்னைத் தூக்கினா. அவ முதுகுல ஏத்திக்கிட்டு எறங்கினா, அறுவது வயசுல. இன்னொரு தடவ அவளை அப்படிச் செமக்க வெக்க முடியாது.

— என்னைப் பாத்து சொல்லு. செய்யமாட்டேன்னு.

— செய்யமாட்டேன்.

— சோத்தா மேல?

— கொழந்தைய இதுல இழுக்காத. செய்யமாட்டேன்னா செய்யமாட்டேன். அதனாலதான் இந்தத் தடவ எல்லாரும் போலாம்னு சொல்றேன், நாலு பேரா. கொழந்தை சறுக்கட்டும், உன் வீட்டுக்காரர் நாற்காலில சுத்தட்டும். நான் பதினொண்ணாம் தேதி அவளோட கயிறு வரைக்கும் போய்ட்டு வரேன். ர்யோஹெய்கிட்ட, எனக்குக் கனவுல வந்தார், தேடவேண்டாம்னார்னு சொல்லிக்கறேன். கெழவி சொன்னா நம்புவான். நீ மனுவக் குடுக்காத. அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போடு.

— அம்மா…

— எல்லாரும் அவங்கவங்க எடத்துல இருக்கோம். சதாவோ கோயிலுக்குப் பின்னால மண்ணுல இருக்கான். உங்கப்பா குஷிரோல பெட்டி கழுவறார். நான் இங்க இருக்கேன். ஃபுமியே அவ விடுதில, அவ புருஷன் நல்ல காரியத்துக்குச் செத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அது அப்படியே கெடக்கட்டும். ஃபோனைக் குடு. அறை சொல்லிடறேன்.

— குடுக்கமாட்டேன்.

— இன்னும் என்னடி?

— நான் என்ன சொன்னாலும் நீ கேக்கமாட்டன்னு நெனச்சேன். ஃபுமியே அத்தை சொன்னா கேப்ப, இந்த வருஷம் அறை இல்ல, வராதீங்கன்னு அவங்களையே சொல்ல வெக்கலாம்னு நெனச்சேன். உனக்குத் தெரியாதுன்னுதானே நெனச்சேன். அவங்களுக்குத் தெரிஞ்சா உனக்குப் பதமாச் சொல்ல வழி சொல்வாங்கன்னு. முந்தாநாள் அவங்களுக்கு ஃபோன் பண்ணேன்.

— என்ன சொன்ன?

— எல்லாம். ஒன்பதாம் தேதியையும்.

— அவ என்ன சொன்னா?

— லைன் போயிடுச்சுன்னு நெனச்சேன். அடுப்புல ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டுட்டிருந்துது. அப்புறம் யாரோ அத அணைச்சாங்க.

— அழுதாளா?

— இல்ல.

— என்னைப் பத்திக் கேட்டாளா?

— உங்கம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்.

— வேற என்ன கேட்டா? சொல்லு மினே. வேற என்ன கேட்டா?

— முகவரியக் கேட்டாங்க. நான் படிக்கப் படிக்க எழுதிக்கிட்டாங்க. இன்னைக்குக் காலைல ரயில்லேருந்து ஒரு மெசேஜ் வந்துது. விடுதியப் பூட்டிட்டு, ர்யோஹெய்யையும் கூட்டிக்கிட்டுக் குஷிரோவுக்குக் கெளம்பிட்டாங்கம்மா.